அத்தையைச் சிலுவை என்றார்கள்

மார்ச் 14, வெள்ளி

இன்றும் கோயிலில் சிலுவைப் பாதை வழிபாட்டுக்குப் போக முடியவில்லை. அது முடிந்ததும் பக்கத்துத் தெரு பிலோமினா அக்கா வந்தார், படுத்த படுக்கையாகக் கிடக்கும் என் மாமியாரைப் பார்க்க. கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இது ஆண்டவர் உனக்குக் குடுத்த சிலுவை வேணி. மொணகாம சுமந்துக்கினு போ" என்கிறார். அத்தைக்கு விழுந்தது கால்தான், காது இல்லை. காப்பி குடித்தார், போனார். புரட்டிப் படுக்கவைக்க ஒரு கை கொடுத்தாரா?

மார்ச் 19

திண்டிவனத்திலிருந்து கொழுந்தன் அலெக்ஸ் போன். பெரிய வெள்ளிக்கு அவன்தான் பங்குக் கோயில் ஊர்வலத்தில் பெரிய சிலுவை சுமக்கிறானாம். வேண்டுதலாம்.

"என்னா வெயிட்டு தெரியுமா அண்ணி!"

தெரியும்டா. அண்ணன் குவைத்தில், தம்பி திண்டிவனத்தில், அம்மா என் தோளில். கொஞ்ச நாள் வைத்துக்கொள் என்றால் வீடு சின்னதாம்.

மார்ச் 28

அத்தை கேப்பைக் கூழைத் தொடுவதில்லை. தவக்கால ஒருசந்தி விரதமாம். நோயாளிக்கு அது கிடையாது என்று பங்குச் சாமியாரே சொல்லிவிட்டார். கேட்டால்தானே! சரியான பேஜாரு.

ஏப்ரல் 4

கத்திவிட்டேன். "எதுக்கு இப்பிடி என் உசுர வாங்கறீங்க?"

அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எளைச்சிப் போனா உனக்குத் தூக்க லேசா இருக்கும்ல. நான்தான உன் சிலுவ."

கடவுளே.

ஏப்ரல் 5

அலெக்ஸிடம் அதை அப்படியே சொன்னேன். போனை வைத்துவிட்டேன்.

துணி துவைக்கும்போது யோசனை. விழுந்துபோன கால் அத்தையின் சிலுவை. சுமப்பது அவர். நான் சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையில் வரும் சீமோன் — வழியில் போனவனைப் பிடித்து இயேசுவின் சிலுவையைச் சுமக்கவைத்தார்களே, அவன். அவன் மட்டும் முணுமுணுக்காமலா சுமந்திருப்பான்?

அத்தையிடம் இதைச் சொன்னேன். லேசாகச் சிரித்தார். ஆனாலும் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

காலையிலேயே வாசலில் அலெக்ஸ், பையோடு.

"சிலுவை சுமக்கப் போகலியா?"

"அத வேற ஆளு சுமக்கறாங்க அண்ணி. ஈஸ்டர் தாண்டி ஒரு மாசம் இங்கதான். இங்கேர்ந்தே வேலைக்குப் போய் வர்றேன்."

தூக்கத் தெரியாமல் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அத்தை அவனைத் திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டது. எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

கோயிலுக்குப் போனேன். வரிசையில் நின்று, உதடு பதித்துச் சிலுவையை முத்தி செய்தேன். எவ்வளவு காலமாயிற்று! அழுகை வந்தது, அழுதேன்.

திரும்பி வந்தால் கூழ்ச்சட்டி காலி. "ஒடம்பு எவ்ளோ ஏறினாலும் நான் தூக்கறேன்னு சொன்னேன் அண்ணி" என்றான்.

ஊரே ஒருசந்தி இருந்த நாளில், அத்தை இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார்.