சிவப்பு வண்டிக்குள் பச்சை வண்டி

மார்ச் 4

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நலம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மேலே எழுதியிருக்கும் சொல்லுக்கு முதலில் ஒரு விளக்கம். சென்ற புதன்கிழமை நம் பிள்ளைகளுக்கு விவாகரத்து ஆகிவிட்டது. அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் என் சம்பந்தி இல்லை. பிறகு யார் என்று யோசித்துப் பார்த்தேன். சகலை, ஓரகத்தி, கொழுந்தன் என்று எல்லாருக்கும் சொல் கண்டுபிடித்த நம் முன்னோர்கள், மகளுடைய முன்னாள் கணவனின் அப்பாவுக்கு மட்டும் வைக்க மறந்துவிட்டார்கள். வேறு கிடைக்கும்வரை பழையதையே ஓட்டுகிறேன். நம் கார்களில் பாதிச் சாமான் அப்படித்தானே ஓடுகிறது.

பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். கோர்ட்டிலிருந்து வெளியே வந்து, எதிர்க் கடையில் இருவரும் சேர்ந்து காபி குடித்தார்களாம். உங்கள் மகன் என் மகளுக்கு டாக்ஸி பிடித்துக் கொடுத்தாராம். ஏழு வருஷத்தில் அவர் டாக்ஸி பிடித்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

சிக்கல் என் வீட்டில்தான். அந்த வீட்டுச் சாமான் எதுவும் இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று என் மனைவி முடிவெடுத்துவிட்டார். சுவர்க் கடிகாரம் போயிற்று, கம்பளி போயிற்று. பிறகு பின்பக்க ஷெட்டைப் பார்த்து, "அந்தக் கார்ல அவங்களோடது ஏதாவது இருக்கா?" என்றார். பல் பிடுங்கும்போது நான் எல்லாருக்கும் மரத்துப்போக ஊசி போடுகிறேன்; எனக்குப் போட ஆளில்லை. இருக்கிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்; உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

சம்பந்தம் பேச நாங்கள் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மனைவி ஆட்டோவில் வர, நான் ஓட்டி வந்த என் சிவப்பு இரண்டு சீட்டு கார் உங்கள் கேட்டுக்கு நடுவில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றுவிட்டது. நீங்கள் வெளியே வந்தீர்கள். வாங்க என்று சொல்லவில்லை. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் காதை வைத்து, "பெட்ரோல் பம்ப் டிக்டிக்குங்கலையே" என்றீர்கள். ஷூவைக் கழற்றி இரண்டு தட்டுத் தட்டினீர்கள். ஓடியது. பிறகு உங்கள் ஷெட்டைத் திறந்து காட்டினீர்கள்: அதே பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், அதே வருஷத்து மாடல், பச்சை நிறம். உள்ளே என் மனைவியும் உங்கள் அக்காவும் கல்யாணத்தைப் பேசி முடித்துவிட்டு வந்து பார்த்தபோது, நம் நான்கு கால்கள் மட்டும் பச்சைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

உங்களோடு போனில் பேசக் கூடாது என்று மனைவியின் உத்தரவு. கடிதத்தைப் பற்றி உத்தரவு எதுவும் இல்லை. இந்தக் காலத்தில் ஒருவர் கடிதம் எழுதுவார் என்று அவருக்குத் தோன்றவில்லை.

தங்கள்,
பல் டாக்டர்


மார்ச் 11

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. சட்டப்படி ரத்தான பதவியை உபயோகிப்பது முறையல்ல என்பதால் 'டாக்டர்' என்று எழுதியிருக்கிறேன். தொழில் புத்தி, மன்னிக்கவும்.

தங்கள் வீட்டம்மா கேட்பது நியாயம். என் பச்சையில் உங்களுடைய கியர்பாக்ஸும் இரண்டு கார்புரேட்டர்களும் ரேடியேட்டரும் இருக்கின்றன. உங்கள் சிவப்பில் என் கியர்பாக்ஸும் டைனமோவும் இருக்கின்றன. அந்த ரேடியேட்டரில் நீங்கள் பல் அடைக்கும் சிமெண்டால் அடைத்த ஓட்டை இன்னும் ஒழுகவில்லை. உங்களிடம் பல் அடைத்துக்கொண்ட எனக்கு அந்த பாக்கியம் கிடைக்கவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

நான் அந்தப் பச்சையை வாங்கிய கதையை உங்களுக்கு முழுதாகச் சொன்னதில்லை. இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்த காலம் முழுவதும், மோதிய வண்டிகளைப் பார்த்து இது தேறும், இது தேறாது என்று கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. அந்தப் பச்சையைத் தேறாது என்று எழுதியவன் நான். எழுதிவிட்டு, அடுத்த மாதம் அதே வண்டியை நானே ஏலத்தில் எடுத்துவிட்டேன். ஆபீஸில் கொந்தளித்தார்கள். இவரே தேறாது என்று எழுதுவாராம், இவரே வாங்குவாராம் என்று விசாரணை வைத்தார்கள். விசாரணைக்கு அந்த வண்டியிலேயே போனேன். பாதி வழியில் நின்றது. தள்ளிக்கொண்டு போய் ஆபீஸ் வாசலில் சேர்த்தேன். மேலதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அவர் எழுதினது சரிதான். கேஸ மூடுங்க" என்றாராம்.

உங்கள் வீடும் வேண்டாம், என் வீடும் வேண்டாம். நடுவிலிருக்கும் பெட்ரோல் பங்க்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்ளலாம். எஞ்சினோடு சேர்த்துத்தான் கியர்பாக்ஸை இறக்க முடியும் என்பதால் மெக்கானிக்கிடம் சொல்லி வையுங்கள்.

இங்கே ஞாயிற்றுக்கிழமைகள் அமைதியாக இருக்கின்றன. மனைவி காலமான பிறகு இவ்வளவு அமைதி இந்த வீட்டில் இல்லை; நீங்கள்தான் வாராவாரம் வந்து கெடுத்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை நீட்டினால் ஸ்பேனர் வருவதில்லை. நானே ஊர்ந்து வெளியே வந்து, எடுத்துக்கொண்டு, மறுபடி ஊர்ந்து உள்ளே போகிறேன். உடற்பயிற்சி என்று வைத்துக்கொள்கிறேன்.

தங்கள்,
சர்வேயர் (ஓய்வு)


ஏப்ரல் 9

மதிப்பிற்குரிய சர்வேயர் அவர்களுக்கு,

நீங்கள் பதவியை விட்டுவிட்டதால் நானும் விட்டுவிட்டேன். எழுதும்போதே கூசுகிறது.

பங்க்கில் நடந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. நல்ல கியர்பாக்ஸ் டாக்டருடையதுதான் என்று நீங்கள் சாதித்தீர்கள். இரண்டாவது கியரே இல்லாத என் கியர்பாக்ஸை, "எங்க வீட்டுப் பக்கம் மேடு இல்ல, எனக்கு எதுக்கு ரெண்டாவது கியர்" என்று சொல்லி நீங்கள் வாங்கிக்கொண்டு, உங்களுடையதைக் கொடுத்தது எனக்கு மறந்துவிடும் என்று நினைத்தீர்களா? பதிலுக்குத்தான் நான் கார்புரேட்டர்களைக் கொடுத்தேன். அவற்றையும் நீங்கள், "இது ஆரம்பத்துலேர்ந்து உங்களோடதுதானே, எடுத்துட்டுப் போங்க" என்று பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்து, நானும் அவற்றை நீங்கள் வாடகைக்குக் கொண்டுவந்த வேனில் திருப்பி வைக்க, நீங்கள் இறக்க, பெட்ரோல் போடுகிறவர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று, "ஐயா, பாகம் பிரிக்கிறப்ப எல்லாரும் நல்லது என்னோடதுன்னுதான் அடிச்சுப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் எந்த ஊரு?" என்று கேட்டாரே, அதற்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.

கடைசியில் சட்டம் ஜெயித்தது. அவரவர் பாகம் அவரவருக்கு. சிவப்பு இப்போது முழுக்க முழுக்க என்னுடையது. ஸ்டார்ட் ஆவதில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் இருக்கிறேன். சும்மா இருக்க வேண்டாம் என்று சமையலறை இழுப்பறைகளை என் கிளினிக்கில் இருப்பதுபோல் ஒழுங்குபடுத்தினேன்: கூர்மையானவை ஒரு பக்கம், வளைந்தவை ஒரு பக்கம். கரண்டி எந்த வகை என்பதில் எனக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு. அவர் மூன்று நாளாகக் கரண்டி தேடுகிறார்.

போன வாரம் மகள் வந்திருந்தாள். ஷெட்டை எட்டிப் பார்த்துவிட்டு, மாமா வரவில்லையா என்றாள். இனிமேல் வரமாட்டார் என்றேன். பிறகு அவள் அம்மாவிடம், "நான் பிரிஞ்சது அவர விட்டுத்தாம்மா. மாமாவ நான் எதுக்குப் பிரியணும்?" என்றாள்.

என் மனைவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தமில்லாமல் சாத்தினார். படாரென்று சாத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தங்கள்,
பல் டாக்டர்


ஏப்ரல் 17

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

நேற்று இங்கே நல்ல மழை. ஷெட்டில் பச்சையின் மடக்குக் கூரையைப் பார்த்ததும், அணைக்கட்டுப் பக்கம் போய் நாம் மழையில் மாட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. நான் ஒரு பக்கம் இழுக்க, நீங்கள் மறுபக்கம் இழுக்க, இந்தப் பட்டனைப் போட்டால் அந்தப் பட்டன் கழன்றுகொள்ள, ஒருவழியாகக் கூரையை மாட்டி முடித்தபோது மழை நின்றுவிட்டது. அதற்குள் உள்ளே தேங்கிய தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போகாமல் அந்தக் கூரை காப்பாற்றியது. வெள்ளைக்காரர்கள் கூரை வைத்ததன் நோக்கம் அன்றுதான் புரிந்தது. அப்படி நனைந்து உட்கார்ந்துகொண்டு நாம் எதற்கு அவ்வளவு சிரித்தோம் என்பது மட்டும் புரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பச்சையைக் கேட்டு ஒருவர் வந்தார். ஹோட்டல் வைத்திருக்கிறார். எஞ்சின் ஓடாது என்று சொன்னேன். அதைப் பற்றிக் கவலையில்லை, எஞ்சினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மண் கொட்டிப் பூச்செடி வைத்து ஹோட்டல் வாசலில் நிறுத்தப்போகிறேன் என்றார். மாதக் கடைசியில் சொல்கிறேன் என்றிருக்கிறேன். எத்தனையோ வண்டிகளைத் தேறாது என்று ஒரே நிமிடத்தில் எழுதியவன். இதற்குக் கை வரவில்லை. ஆனால் தனியாக ஓட்டப்போவதும் இல்லை, தனியாக ரிப்பேர் செய்யவும் பிடிக்கவில்லை. வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்று. தங்கள் வீட்டம்மாவுக்குத் தெரியாமல் இந்தக் கடிதங்கள் வருவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அவர் வீட்டில் நான் எத்தனையோ வேளை சாப்பிட்டிருக்கிறேன். என்னை அவர் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கும். காரணம் கேட்கும் உரிமை எனக்கில்லை, ஒளிந்து வரும் உரிமையும் இல்லை. அவருக்குத் தெரிந்து எழுத முடிந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இதோடு நிறுத்திக்கொள்வோம். வருத்தம் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

தங்கள்,
சர்வேயர் (ஓய்வு)


ஏப்ரல் 23

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தை மனைவியிடம் படித்துக் காட்டினேன். மழைக் கதையை நான்தான் அவருக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன், அதனால் அதற்கு அவர் சிரிக்கவில்லை. பூச்செடி வந்ததும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டார். "பச்சையிலயா? மண்ணா?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

"அன்னிக்கு அவங்க வீட்டுக்குப் போனப்ப நான் பையனச் சரியாக்கூடப் பாக்கல. அவரத்தான் பாத்தேன். கை கழுவிட்டு வந்து அவரே டீ போட்டாரு. எல்லாருக்கும் குடுத்துட்டு மிச்சம் ஆறிப்போனத அவர் குடிச்சாரு. அப்பா இப்படி இருக்காரே, பையனும் இப்படித்தான் இருப்பான்னு சரின்னுட்டேன். தப்பு அவங்க மேல இல்ல. நான் பாத்தது ஒருத்தர, பொண்ணக் குடுத்தது இன்னொருத்தருக்கு. அவர் வந்து நின்னா எனக்கு அதான் ஞாபகம் வருது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கற்றுக்கொண்ட ஒரே வித்தை அது. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. ஆனா பையனப் பத்தியும் பேசக்கூடாது, பொண்ணப் பத்தியும் பேசக்கூடாது" என்றார்.

"அப்ப காரப் பத்தி?"

"வேற என்ன தெரியும் உங்க ரெண்டு பேருக்கும்?"

ஆகையால் உடனே புறப்பட்டு வரவும். கியர்பாக்ஸை வேனில் முன்கூட்டி அனுப்பினால் மெக்கானிக் சனிக்கிழமையே மாட்டிவிடுவார். டைனமோவை நீங்கள் கையோடு கொண்டுவாருங்கள், அதைப் பிறரிடம் கொடுத்து அனுப்ப எனக்குத் தைரியமில்லை. ஹோட்டல்காரரிடம் தொட்டி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தங்கள்,
பல் டாக்டர்

பி.கு.: கரண்டிகள் பழைய இடத்துக்குப் போய்விட்டன.


மே 2

அன்புள்ள டாக்டருக்கு (வீட்டம்மாவுக்கும் படித்துக் காட்டவும்),

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். ஹோட்டல்காரருக்கு மறுநாளே சொல்லிவிட்டேன். வருத்தப்பட்டார். வேறு ஒரு பிரிட்டிஷ் வண்டி கிடைக்குமா என்று கேட்டார். இந்த வகை வண்டி வைத்திருக்கும் எல்லாரும் வாரத்தில் ஆறு நாள் அதை விற்கும் எண்ணத்தில்தான் இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள் என்றேன்.

சிவப்பு ஸ்டார்ட் ஆனபோது நீங்கள் கதவைத் திறந்து என்னைத்தான் உட்காரச் சொன்னீர்கள். இருப்பது இரண்டு சீட்டு. வீட்டம்மா போகட்டும் என்று நான் சொன்னது சரியாகப் போயிற்று. ஏழு வருஷத்தில் அவர் அதில் ஏறி நான் பார்த்ததில்லை. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பல் பிடுங்க வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். தெருக்கோடி திரும்பும்போது சிரித்ததை உங்கள் வாசலிலிருந்தே பார்த்தேன். திரும்பி வரும்போது இருவரும் நடந்து வந்ததைப் பற்றி நான் எந்த அறிக்கையும் தரப்போவதில்லை. அவர் உங்களுக்கு முன்னால் வேகமாக நடந்து வந்து, என் காலைப் பார்த்து, "ஷூ போட்டிருக்கீங்கல்ல? அங்க மரத்தடியில நிக்குது, வாங்க" என்று சொன்னதே போதும்.

அவர் உங்களிடம் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. பேசக் கூடாது என்பதுதான் நிபந்தனை, எழுதக் கூடாது என்று இல்லை. பையனைப் பார்வையிட யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்திருப்பேன்: நல்ல வண்டி, ஆனால் டீ போடத் தெரியாது. அவனும் நல்ல பிள்ளை, உங்கள் மகளும் நல்ல பிள்ளை. போல்ட்டிலும் பழுதில்லை, நட்டிலும் பழுதில்லை, மரைச் சுற்று வேறு, ஒன்றில் ஒன்று ஏறாது. யாருடைய தப்பும் இல்லை என்று அவரிடம் சொல்லவும். இதோடு அந்தப் பேச்சை நான் எடுக்க மாட்டேன்.

வரும் ஞாயிறு நீங்கள் இங்கே வாருங்கள், பச்சையைப் பார்க்க வேண்டும். அவரையும் அழைத்து வாருங்கள்.

உங்கள் வீட்டுக்கு வந்த அன்று பஸ்ஸில் டைனமோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய துணியில் சுற்றியிருந்தும் எண்ணெய் என் பேண்ட்டில் இறங்கிவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் தன் சட்டையை ஒதுக்கிக்கொண்டு, "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டார். "இல்ல, சொந்தக்காரங்க வீட்டுக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று கவனித்தேன்.

என்ன சொந்தம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்குச் சொல் தேடுவதிலேயே நான் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டிருப்பேன்.

தங்கள்,
சர்வேயர்