சவரக் காட்சியை மெதுவாக ஓட்டக் கோரி

அனுப்புநர்:
ஊமைப்பட நடிகரின் மகள்,
தட்டச்சு ஆசிரியை,
கடிகாரக் கடை மாடி, ரயில் நிலையச் சாலை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அரசுத் திரைப்படக் காப்பகம்.

பொருள்: என் தந்தையின் படம் தவறான வேகத்தில் ஓட்டப்படுவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அரங்கில் ஞாயிறுதோறும் காட்டப்படும் ஊமைப்படத்தில் நாவிதராக நடித்திருப்பவர் என் அப்பா. அவர் நடித்தவற்றில் மிஞ்சியது இது ஒன்றுதான். பேசும் படம் வந்தபின் அவரை யாரும் அழைக்கவில்லை. தம் படங்கள் ஓடிய அதே கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்துக் காலம் தள்ளினார்.

2. அக்காலத்தில் கேமராவைக் கையால் நிதானமாகச் சுழற்றிப் படம் பிடித்தார்கள். தங்கள் இயந்திரமோ பேசும் படத்தின் வேகத்தில் ஓடுகிறது. அதனால் அப்பா வெட்டுக்கிளி போலத் துள்ளுகிறார். அரங்கமே விழுந்து விழுந்து சிரிக்கிறது. மேலாளரிடம் முறையிட்டேன். "ஜனங்க ரசிச்சுத்தானேம்மா சிரிக்கிறாங்க, உங்களுக்குப் பெருமைதானே?" என்றார். நகைச்சுவைப் படமாக இருந்திருந்தால் பெருமைதான்.

3. இயந்திரம் இயக்குபவர் ஒருநாள் என் தொல்லை தாங்காமல் வேகத்தைக் குறைத்து ஓட்டினார். வாடிக்கையாளருக்குப் பாதி முகம் மழித்திருக்கும்போது, நாவிதரின் மகன் ஆற்றில் மூழ்கிய செய்தியோடு ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். அந்த இடத்தில் வசனம் காட்டும் எழுத்து அட்டை கிடையாது. அப்பாவின் முகமே போதும் என்று படத்தின் டைரக்டர் அட்டையை நீக்கிவிட்டாராம். அப்பா கத்தியைக் கீழே வைக்கவில்லை. மறு கன்னத்தையும் மழிக்கிறார். வாடிக்கையாளரின் தொண்டைமேல் கத்தி மழித்தபடி இறங்குகிறது, கை நடுங்கவில்லை. வாடிக்கையாளரின் முகத்தைத் துண்டால் துடைத்து, கத்தியை மடக்கி வைத்த பிறகே உட்காருகிறார். அழவும் இல்லை. ஐயா, இப்படி ஒரு மனிதரோடா ஒரே வீட்டில் சாப்பிட்டேன் என்று மலைத்துப்போனேன்.

4. மெதுவாக ஓட்டினால் அடுத்த காட்சி தாமதமாகும் என்று மேலாளர் மறுநாளே அதைத் தடுத்துவிட்டார்.

5. என் அம்மா புதுமணப்பெண்ணாக இந்தப் படத்தைப் பார்த்தவர். அன்று கொட்டகையில் ஒருவர்கூட இருமவில்லை என்று ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தார். வேகம் எப்படியிருந்தாலும் அப்பா முகத்தை இன்னொரு முறை பார்க்கட்டும் என்று சென்ற மாதம் ஆசையாக அழைத்து வந்தேன். சவரக் காட்சியில் பின்வரிசை கைதட்டிச் சிரித்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வீடு திரும்பியதும், "ஏன்டி, உங்கப்பா நெசமாவே நல்லா நடிச்சாரா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரிஞ்சுதா?" என்று கேட்டார். நான் பார்த்ததைச் சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார். அன்றுமுதல் அப்பாவைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

6. ஆகவே, வரும் ஞாயிறு ஒரு காட்சியையாவது உரிய வேகத்தில் ஓட்டுமாறு மேலாளருக்கு உத்தரவிட வேண்டுகிறேன். அடுத்த காட்சிக்கு வருவோர் வாசலில் சற்றுக் காத்திருக்க நேர்ந்தால், ஒவ்வொருவரிடமும் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் கேட்ட கேள்விக்கு அப்பாதான் பதில் சொல்ல வேண்டும். சொல்ல அவருக்கு அவகாசம் கொடுங்கள்.

இடம்: மேற்படி முகவரி
நாள்: மார்ச் 9

பணிவுடன்,
(ஒப்பம்)
நடிகரின் மகள்