மேடைக்குப் பின்னால் ஆறு பேர்

18 ஆகஸ்ட் 2025, திங்கள்
பதினைந்தாம் தேதி பள்ளி நாடகத்தில் தவறு. அரண்மனைக் காட்சி முடிந்து விளக்கு அணைந்ததும், என்னிடம் மேடை வேலை பழகும் ஆறு பிள்ளைகள் இருட்டில் ஓடிச் சாமான்களை மாற்ற வேண்டும். இருபது எண்ணுவதற்குள் காடு வந்துவிட வேண்டும். விளக்கு வந்தபோது, காட்டின் நடுவே ஒன்பதாம் வகுப்பு ரெனிட்டா நாற்காலியும் கையுமாக நின்றாள். கூட்டம் சிரித்தது.

இன்று விசாரித்தேன். "அம்மா வந்திருந்தாங்க மிஸ். ஒருவாட்டி பாக்கட்டும்னு நின்னேன்."

பயத்தில் நின்றிருந்தால் மன்னித்திருப்பேன். குழுவிலிருந்து நிறுத்திவிட்டேன்.

21 ஆகஸ்ட்
ரெனிட்டாவின் அம்மா கிரேஸி வந்தாள். மாதனூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் வேலை. கழுத்தில் கம்பெனி அட்டையோடு நேரே வந்துவிட்டாள்.

"ரெண்டு வருசமா வர்றேன் மிஸ். பொண்ணு மேடைல இருக்குதா வூட்ல இருக்குதான்னே தெர்ல."

"தெரிஞ்சா அது தப்பும்மா."

"இன்னா மிஸ் நீங்க! அதுக்கு நான் அரை நாள் லீவு போட்டு வரணுமா? டான்ஸுல சேத்துட்றேன். மூஞ்சியாவது தெரியும்."

சேர்க்கட்டும்.

இந்தப் பள்ளிக்கு வருமுன் நானும் முப்பத்தொரு வருடம் கம்பெனியில் தோல் வெட்டியவள்தான். பலகை அடிப்பது, திரை கட்டுவது, விளக்குக்கு ஒயர் இழுப்பது — எதையும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சர்ச்சில் இருபத்தெட்டு கிறிஸ்துமஸ் நாடகங்களுக்கு மேடை போட்டேன். ஒரு நோட்டீஸிலும் என் பெயர் வந்ததில்லை. நான் கேட்டதும் இல்லை. இவர்களுக்கு இரண்டு வருடம் பொறுக்கவில்லை.

4 செப்டம்பர்
ரெனிட்டா இல்லாமல் ஒத்திகை. காடு வர முப்பத்தொன்று எண்ண வேண்டியிருந்தது. மரம் சுவரில் இடித்துக் கிளை உடைந்தது.

16 செப்டம்பர்
இருபத்தொன்பது.
பிள்ளைகளைக் கேட்டேன். ரெனிட்டாதான் வாய்க்குள் எண்ணி, அவரவர் முறை வந்ததும் முதுகில் தட்டி அனுப்புவாளாம். நான் சொல்லித்தந்தது இல்லை. இரண்டு வருடமாக அங்கேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் கண்ணில் எப்படிப் படவில்லை?

7 அக்டோபர்
தலைமையாசிரியை ஷஹீன் பானு கூப்பிட்டார்.

"கடைசில அந்தப் பிள்ளைங்களையும் மேடைக்குக் கூப்ட்டுப் பேர் சொல்லிட்டா எல்லார் பேஜாரும் தீர்ந்துடுமே?"

மாட்டேன் என்றேன்.

"நீங்க எதுக்குமே எறங்கி வரமாட்டீங்களாம்மா?"



24 அக்டோபர்
ஆம்பூர் பஸ் நிலையம் பக்கம் சோப்பு வாங்கப் போனேன். சோப்பு எங்கள் தெருவிலேயே கிடைக்கும். கம்பெனி பஸ்ஸிலிருந்து கிரேஸி இறங்கினாள்.

"டான்ஸ் எப்படிப் போகுது?"

"எங்க மிஸ்! ஆடுறத வுட்டுட்டு, மத்த பசங்களுக்கு எண்ணிக்கினு நிக்குதாம். அந்த மிஸ் டெய்லி திட்றாங்க."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "நவம்பர் பதினாலு நாடகத்துக்கு நீ மேடைக்குப் பின்னால வந்து ஒக்காரு. அங்கேருந்து பாரு. ஆனா அவ நாளையிலேருந்து வரணும்."

"அங்க எடம் இருக்குதா மிஸ்?"

ஒரு முக்காலிக்கு இடம் இருக்கிறது. அது என்னுடையது.

12 நவம்பர்
ரெனிட்டாவோடு ஒத்திகை. பதினான்கு. மரம் எதிலும் இடிக்கவில்லை.

14 நவம்பர், வெள்ளி
கிரேஸியை முக்காலியில் உட்காரவைத்து, இருட்டில் வெளிச்சம் அடிக்கக் கூடாதென்று அவள் செல்போனை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன். நாடகம் முடிந்து அதைத் திரும்ப வாங்க வந்தபோது, "எப்பா, அந்த இருட்டுல எப்டி மிஸ் ஓடுது! எனக்கு மூச்சே வர்ல. அடுத்த வாட்டி நானே இட்டாந்து வுட்றேன்" என்றாள். அது பிறகு. கீழே நடந்ததை எழுத வேண்டும்.

கூட்டத்தோடு உட்கார்ந்து நாடகம் பார்ப்பது எனக்கு இதுவே முதல் தடவை. மூன்றாம் வரிசை. விளக்கு அணைந்தது. எண்ணினேன். பன்னிரண்டு. காடு நின்றது. ரெனிட்டாவைத் தேடினேன். இல்லை. ஒருவரும் இல்லை.

பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார்: "ஒங்க பசங்க யாராவது இதுல இருக்காங்களாம்மா?"

"ஆறு பேர்."

"ஆறா! யாரும்மா, அந்த ராஜாவா?"

இல்லை என்றேன். ஒவ்வொரு பெயராக, வகுப்போடு சொல்லத் தொடங்கினேன். முன்வரிசையில் ஒருவர் திரும்பி, "கொஞ்சம் மெதுவா பேசுங்கம்மா, நாடகம் நடக்குது" என்றார்.

ஆறாவது பெயரையும் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினேன்.