மாட்டு வண்டியில் செத்துப்போன அம்மா

அன்பு மகன் தன்வீருக்கு, லய்யாவிலிருந்து அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் இங்கே எல்லோரும் சுகம், லாகூரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, எருமை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, உன் தங்கை ரூபினாவின் மாப்பிள்ளை வீட்டார் நிக்காஹுக்கு நாள் கேட்டு வந்தார்கள், பிப்ரவரியில் உன் ஆபீஸர் பரீட்சை முடியட்டும் என்று சொல்லி அனுப்பினோம். நானும் உயிரோடுதான் இருக்கிறேன். அதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது, மேலே படி. போனில் திட்டினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் உன் ஆங்கிலப் பயிற்சிக் கட்டுரையைப் படம் பிடித்து ரூபினாவின் போனுக்கு அனுப்பினாயே, அகாடமி சார் அறுபத்திரண்டு மார்க் போட்டார் என்று. அவள் அர்த்தம் சொல்லச் சொல்ல நானும் அப்பாவும் உட்கார்ந்து கேட்டோம். ஏழைக்கு எட்டாத மருத்துவம் என்று தலைப்பு. இரண்டாம் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாத உன் தாய் பிரசவ வலியோடு மாட்டு வண்டியில் போகும்போது உன் மடியிலேயே செத்துப்போகிறாள். ரூபினா நிறுத்திவிட்டாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பரீட்சைக்காக எழுதியிருப்பான், போகட்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். நேற்று நம் தெரு ஸஜ்ஜாத் வீட்டுக்கு ரூபினாவோடு சொட்டு மருந்து கொடுக்கப் போனேன். அவனும் உன் அகாடமிதானே, லீவில் வந்திருக்கிறான். அவன் நோட்டை வாங்கி ரூபினாவிடம் காட்டினேன். அதே மாட்டு வண்டி, அதே மடி, அதே சாவு, ஒரு எழுத்து மாறவில்லை. கேட்டால் அவன் சிரிக்கிறான், “சாச்சி, இது சார் குடுத்ததுதான். சொந்தக் கதை ஒண்ணு இருந்தா திருத்துறவர் மனசு இளகுமாம், நாங்க நாப்பது பேரும் இதத்தான் மனப்பாடம் பண்றோம்” என்கிறான். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அவன் அம்மா, “அடப்பாவி, அப்ப நானும் போய்ச் சேந்துட்டேனாடா?” என்று மாவுக் கையோடு அவன் முதுகில் ஒன்று வைத்தாள். என் கைக்கு நீ எட்டவில்லை, அது உன் அதிர்ஷ்டம்.

வெட்கமாக இல்லையா உனக்கு? பத்தொன்பது வருஷமாகத் தோளில் மருந்துப் பெட்டியை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறவள் எழுத்தறியாதவளா? செங்கல் சூளை ஸுஹ்ராவை நீ மறந்துவிட்டாயா? வெள்ளத்தில் ரோடு அறுந்து ஆம்புலன்ஸ் வர மாட்டேன் என்றபோது டிராக்டர் டிரெய்லரில் பிரசவ வலியில் துடித்த அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவள் நான். லேடி டாக்டர் லீவு, வேறு ஊருக்குப் போ என்று ஆஸ்பத்திரியில் விரட்டினார்கள். வராந்தாவில் என் துப்பட்டாவை விரித்துப் பிள்ளையை எடுத்தேன். அந்தப் பிள்ளை இப்போது ஆறாம் வகுப்பு, பெயர் ஸாபிரா, என் பெயர். கேட்டுக் கேட்டு உனக்குச் சலித்துப்போன கதை இது. வீட்டில் இதை வைத்துக்கொண்டு எவனோ எழுதிய பிணத்தை வாங்கி வந்து அம்மா என்கிறாயே!

இரண்டு தடவையும் இந்தக் கட்டுரைத் தாளில்தான் விழுந்தாய். இதில் நாற்பது வாங்காவிட்டால் மற்றத் தாள்களில் நீ எழுதியதெல்லாம் வீண் என்று நீதான் சொன்னாய். இது மூன்றாவது தடவை, இதற்குப் பிறகு உட்கார விடமாட்டார்கள். திருத்துகிறவர் ஒரே விடைத்தாள் கட்டுக்குள் நாற்பது அம்மாக்களைப் புதைக்க வேண்டி வந்தால் மனசு இளகுமா, சிவப்புப் பேனா இளகுமா? எனக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் பொய் சொல்கிறவன் முகம் தெரியும், தினமும் கதவுக்குக் கதவு பார்க்கிறேன். அந்த நோட்டுகளைத் தூக்கி எறி. உனக்குத் தெரிந்ததை, உனக்கு வருகிற சின்னச் சின்ன ஆங்கிலத்தில் எழுது. பாஸானால் சந்தோஷம். தோற்றால் வீட்டுக்கு வா, ரொட்டி இருக்கிறது. ஆனால் என்னைக் கொன்று ஆபீஸராகி வந்தால் இந்த வாசலில் உனக்கு ஸலாம் சொல்ல ஆள் இருக்காது.

பஸ்ஸில் நெய் விட்டு வறுத்த பஞ்சீரி மாவு அனுப்பியிருக்கிறேன், லீவு முடிந்து வந்ததும் ஸஜ்ஜாதுக்கும் கொடு, அவனும் இளைத்துவிட்டான். ஹால் டிக்கெட்டை இப்போதே எடுத்து வை, இரண்டு பேனா கொண்டு போ, ஃபஜ்ர் தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் கைக்கு உண்மையையும் வேகத்தையும் கொடுக்கட்டும்.

மாட்டு வண்டியில் ஏறாத,
உன் அம்மா ஸாபிரா