நாற்காலியின் சூடு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன், பயப்படாதே. நாங்கள் சோதிக்கும் சிப்பின் இருபது கால்களில், அதாவது ஒயர் பொருத்தும் முனைகளில், எந்த வகை வெப்ப சென்சாரையும் இணைக்கலாம். எதில் எந்த வகை என்று சொல்லிவிட்டால் வெப்பநிலையைக் காட்டிவிடும். எனக்குக் கொடுத்தது, போன மாதம் மாரடைப்பில் இறந்த இன்ஜினியரின் மேசை. எந்தக் காலில் எது என்று அவர் எழுதி வைத்த பட்டியலில் இல்லாத பதினேழாம் கால் முப்பத்துமூன்று டிகிரி காட்டியது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், நான் உட்கார்ந்திருந்த அவருடைய நாற்காலியின் மெத்தைக்குள் முடிகிறது! சீட்டில்தான் இருந்தேன் என்று மேலாளருக்குக் காட்ட அவர் செய்த குறும்பு என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பாயே, அந்தக் கதைதான். என் சூட்டுக்கே நான் பயந்திருக்கிறேன்.

ஆனால் திங்கட்கிழமை சிப்பின் வெப்பநிலைப் பதிவைப் பார்த்தேன். விடுமுறை இரண்டு நாளும் பூட்டிக் கிடந்த அறை பதினெட்டு டிகிரி. நாற்காலி முப்பத்துமூன்று.

"சென்சார் வகையை மாத்திப் போட்டிருப்பே, அதான் சிப்பு பொய் சொல்லுது. கழட்டி எறி," என்றார் மேலாளர். ஒன்றுக்கு நாலு முறை பார்த்தேன். வகை சரியாகத்தான் இருந்தது.

என் பழைய ஸ்வெட்டரை அனுப்பு. பார்சலில் முகவரியை நீயே உன் கையால் எழுது, கடைக்காரரை எழுதச் சொல்லாதே.

ஒயரை நான் கழற்றவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். காலையில் கதவைத் திறந்ததும் அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கிறேன். இந்த ஊரில் எனக்கு முன்னால் வந்து காத்திருக்க வேறு யார் இருக்கிறார்கள்?

ஆபீஸ் வேன் வந்துவிட்டது அம்மா.

உன் மகள்