டிராக்டர் கேமுக்கு இன்னொரு நாற்காலி

பால் சொசைட்டி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நர்மதா, ஃபிரிட்ஜில் ஒட்டிவைக்கக் கணவன் பூபதிராஜாவுக்கு ஒரு சீட்டு எழுதினாள்:

"ஏனுங்க மாமா, தட்டப்பயறுக் குழம்பு அடுப்பு மேல இருக்குது. சாவி எப்பவும் வெக்கற எடத்துல. சாயங்காலம் நான் கேம் விளையாடறத லைவ்ல காட்டறப்ப மோட்டார் போட்றாதீங்க, வோல்டேஜ் எறங்கி எல்லாம் கட்டாயிருது. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கறேன். நேத்து லைவ்ல நான் கேம் டிராக்டர் ஓட்டறப்ப, பின்னால நின்னுட்டு 'கதிர் முத்துன வயல்லயா வண்டிய உடறே?'ன்னு கத்துனீங்களே, அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகலை."

பேனாவை மூடப்போனவள் சிரித்துவிட்டாள். அடியில் நுணுக்கி எழுதினாள்:

"பாக்கறவங்க எல்லாம் 'அந்த மாமா எங்கே?'ன்னுதான் கேக்கறாங்க. பக்கத்துல உங்களுக்கும் நாற்காலி போட்டுட்டேன்."

பிறகு ஓரத்தில்:

"இன்னைக்காவது சட்டை போட்டுட்டு வாங்க."