கோட்டும் ஏழாவது கையெழுத்தும்

கச்சிராயபாளையம்
வியாழக்கிழமை

டெல்லியில் இருக்கும் என் தங்கை மலர்விழியின் புருஷன் ஜெயப்பிரகாஷுக்கு, பூமாலை எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். என் வயிற்றெரிச்சலும் சுகமாக இருக்கிறது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன் மாப்பிள்ளை. கூடைப்பந்துக் கூட்டமைப்புக்காரர்கள் தைத்து அனுப்பிய உன் நீலக் கோட்டு திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தது. மலர்விழி ரேஷனுக்குப் போன நேரம் பார்த்து, அதை நான் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். கீழே லுங்கி. ஒரு வணக்கமும் வைத்தேன். திரும்பினால் வாசலில் அவள். "இன்னாண்ணே, டெல்லிக்கா கிளம்பிட்ட? லுங்கிய மட்டும் மாத்திக்கினு போ" என்றாள். அன்றிலிருந்து தெருவே என்னைத் "தலைவரே" என்கிறது.

அடுத்தது உன் தாள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஆடும் கூடைப்பந்துக்கு நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு தொடங்குகிறார்கள். நல்ல சேதிதான். நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்க்க ஏழு ஆட்டக்காரர்களின் கையெழுத்து வேண்டும், வருகிற திங்களுக்குள் வராவிட்டால் உனக்கு அந்தச் சபையில் நாற்காலி கிடையாது. அதுவும் தெரியும். ஆறு பேர் போட்டாயிற்று. தாள் பன்னிரண்டு நாளாக என் தலையணை உறைக்குள் இருந்தது. நம்மோடு ஆடும் அய்யப்பன் போனில் கேட்டபோது, லாரியில் கடுக்காய் ஏற்ற மலைமேல் கரியாலூர் வந்திருக்கிறேன் என்று புளுகினேன். அதே தலையணையில்தான் படுத்திருந்தேன்.

ஏன் என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பத்துக்கு எட்டு போடுகிறவன் நான். நீ மூன்று போட்டால் அன்றைக்கு மழை வரும். ஆனால் இங்கிலீஷில் இருக்கிற விதிகளைப் படிக்கத் தெரிந்தவன்தான் போகவேண்டும் என்று பேச்சு வந்தபோது, உனக்காகக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஐந்தாவதோடு நின்றவன் வேறு என்ன செய்வேன்? அந்தக் கை இன்னும் வலிக்கிறது.

நேற்று மனசு கேட்காமல், தாளில் என்னதான் அடித்திருக்கிறது என்று உன் மகள் தேவதர்ஷினியிடம் படிக்கச் சொன்னேன். "லிஸ்ட்ல மொத பேரே உன்னுதுதான் மாமா. பக்கத்துல கேப்டன்னு போட்டுக்கீது. அப்பா பேரு கடைசில" என்றாள். இதை எழுதியது நீ. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா, களவாணி?

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கொஞ்சம் பெரிதாகவே விழுந்துவிட்டது. உன்னுடையதைப் பாதி மறைத்திருந்தால் பொறுத்துக்கொள்.

அங்கே தலைவரைக் கை தூக்கித்தான் தேர்ந்தெடுப்பார்களாம், மலர்விழி சொன்னாள். நன்றாக நிமிர்ந்து உட்கார். கள்ளக்குறிச்சி என்று கூப்பிட்டால் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பதில் சொல். நீ நல்லாயிரு. எங்கேயாவது ஓர் இடத்தில் என் பெயரையும் ஒரு தடவை சொல்லிவிடு.

இப்படிக்கு,
பூமாலை, கேப்டன்

பின்குறிப்பு: தாளோடு கோட்டையும் கொரியரில் அனுப்பியிருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் ஒரே ஒரு பந்து போட்டேன். பந்து உள்ளே போனது. கோட்டின் வலது அக்குள் நாலு விரல் கிழிந்தது. சபையில் நீ இடது கையைத் தூக்கு.